அரிய பனையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்

மே மாதக் கடைசியில் தென் ஃப்ளோரிடாவின் தெருக்களில் ரம்பச் சத்தம் ஆரம்பித்துவிடும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். அதற்குள் வாசலில் நிற்கும் பனைகளைத் ‘தயார்’ செய்ய வேண்டும் என்று ஆள் வைத்து மட்டை கழிப்பார்கள். காய்ந்த மட்டையை மட்டும் கழித்தால் யாருக்கும் வருத்தமில்லை. பச்சை மட்டைகளையும் சுற்றிச் சுற்றி வெட்டி, குருத்தையும் அதை ஒட்டிய நாலைந்து ஓலைகளையும் மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். ‘ஹரிக்கேன் கட்’ என்று அதற்குப் பெயர். காற்றுக்குப் பிடிமானம் இல்லாவிட்டால் மரம் தப்பும் என்று கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2004, 2005 புயல்களுக்குப் பிறகு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் பனை ஆய்வாளர்கள் பார்த்து எழுதியது இதற்கு நேர்மாறு: முழுக் கொண்டையோடு நின்ற மரங்களைவிட, மொட்டையடித்த மரங்களின் கொண்டைதான் அதிகம் முறிந்தது. சுற்றி நிற்கும் மட்டைகள் குருத்துக்கு அரண். அரணை இடித்துவிட்டுச் சண்டைக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

மட்டை கழிப்பவர்களோடு வம்பு வளர்க்க இதை எழுதவில்லை. அவர்கள் கூலிக்கு வெட்டுகிறார்கள். வெட்டச் சொல்கிறவர்களின் மனதில் இருக்கும் எண்ணம்தான் எனக்கு உறுத்துகிறது. தன் வேலிக்குள் நிற்கும் அந்த ஒரு மரத்துக்கு ஏதாவது செய்து புயலிலிருந்து காப்பாற்றிவிடலாம் என்கிற எண்ணம். சாதாரணத் தென்னைக்கு அப்படி நினைத்தால் போகட்டும். விழுந்தால் இன்னொன்று நடலாம். காட்டில் கொஞ்சமே மிஞ்சியிருக்கும் ஓர் இனத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கொல்லையில் நட்டுவிட்டு, இனி அது பத்திரம் என்று நினைப்பதுதான் ஆபத்து. புயல் வரும் ஊரில் அரிய பனை வளர்ப்பவர், அது முதல்முறை காய்த்த வருடமே விதையையும் கன்றையும் ஊருக்குப் பங்கு வைக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொல்லி இங்கே சில நண்பர்களின் முகச்சுளிப்பைச் சம்பாதித்திருக்கிறேன்.

நான் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவள். கல்யாணமாகி ஹோம்ஸ்டெட் வந்து சேர்ந்தேன்; மியாமிக்குத் தெற்கே, அலங்காரச் செடி நர்சரிகள் நிறைந்த ஊர். அங்கே ஒரு நர்சரியில் கணக்கு எழுதியே வேலைக்காலம் முழுவதையும் கழித்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். பனை என்று இங்கே நான் எழுதுவது நம் ஊர்ப் பனைமரத்தை மட்டுமல்ல. தென்னை, பாக்கு, ஈச்சை, தாளிப்பனை, பிரம்பு எல்லாம் ஒரே குடும்பம். உலகம் முழுக்கச் சுமார் 2,600 இனங்கள். அந்த நர்சரியின் விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்து செய்தே எனக்குப் பைத்தியம் பிடித்தது. கியூபா, மடகாஸ்கர், மொரீஷியஸ், நியூ கலடோனியா என்று பூகோளப் பாடம்போல இருக்கும் அந்தப் பட்டியல். சம்பளத்தில் ஒரு பகுதி தொட்டிச் செடியாகவே வீட்டுக்கு வந்தது. வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார், பிறகு குழி தோண்டினார். குழி தோண்டுவது என்றால் மண்வெட்டி வேலை இல்லை. இங்கே ஒரு சாண் ஆழத்துக்குள் சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். கடப்பாரையும் வாடகைக்கு எடுத்த துளைக்கும் இயந்திரமும் வேண்டும்.

நான் வந்தது ஆண்ட்ரூ புயலுக்கு அடுத்த வருடம். 1992 ஆகஸ்ட் 24 விடியற்காலை அந்தப் புயல் ஹோம்ஸ்டெட் அருகேதான் கரையேறியது. மணிக்குச் சுமார் 265 கிலோமீட்டர் வேகம். பத்து ஆண்டுகள் கழித்து எல்லாக் கணக்கையும் திரும்பப் போட்டுப் பார்த்து, அதை ஐந்தாம் வகைப் புயல் என்று தரம் உயர்த்தினார்கள். ஒரு வருடம் கழித்து வந்த நானே கூரையில்லாத வீடுகளையும் நீலத் தார்ப்பாய்களையும் பார்த்தேன். 1938 முதல் இயங்கும் ஃபேர்சைல்டு தாவரவியல் தோட்டம் கோரல் கேபிள்ஸில் இருக்கிறது. உலகத்தின் பெரிய பனைச் சேகரிப்புகளில் ஒன்று அங்கே. ஆண்ட்ரூ அதையும் துவம்சம் செய்துவிட்டிருந்தது. அத்தனை காவல், அத்தனை நிபுணர்கள், அத்தனை பணம் இருந்த இடத்துக்கே அந்தக் கதி என்றால் நம் கொல்லை எம்மாத்திரம்?

பனையின் உடம்பைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மீதி விளங்கும். மாமரத்தின் கிளை முறிந்தால் பக்கத்தில் துளிர்க்கும். பனைக்கு, தூர் வெடித்துப் பெருகும் வகைகளைத் தவிர, ஒரே ஒரு குருத்துதான். அது போனால் மரம் போயிற்று. தண்டில் பட்ட காயமும் ஆறாது. மாமரம் பட்டை வளர்த்துக் காயத்தை மூடுவதுபோல் பனையால் மூட முடியாது. ஆணி அடித்தால் அந்த ஓட்டை சாகும்வரை ஓட்டைதான். சாய்ந்த பனையைத் தூக்கி நிறுத்துபவர்கள் முட்டுக்கட்டையை நேராகத் தண்டில் ஆணி வைத்து அடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தண்டைச் சுற்றிச் சாக்கு கட்டி, அதன்மேல் சிறு பலகைகளை நிறுத்தி வார்ப்பட்டையால் இறுக்கி, அந்தப் பலகையில்தான் முட்டுக்கொடுக்க வேண்டும். இந்தக் குறைகளுக்கெல்லாம் ஈடாகப் பனைக்கு இரண்டு வரங்கள். தண்டு முழுக்க நார்க்கற்றைகள் பரவிக் கிடப்பதால் நன்றாக வளைந்து கொடுக்கும். பெரிய கிளைவிரிப்பு இல்லாததால் காற்று பிடித்து இழுக்க அதிகம் ஒன்றும் இருக்காது. புவெர்ட்டோ ரிக்கோவின் மலைக்காட்டில், 2017-இல் மரியா புயல் பெருமரங்களைச் சாய்த்தபோது, அங்கேயுள்ள சியரா பனைகள் மற்ற மரங்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாப் பனையும் ஒன்றல்ல. எனக்குப் பெரிய வெளிச்சம் கொடுத்தது 2008-இல் வெளியான ஓர் ஆய்வு. கோரல் கேபிள்ஸில் மான்ட்கோமரி தாவரவியல் மையம் என்று ஒன்று உண்டு. முக்கியமாகப் பனைகளுக்காகவும் சைக்கஸ் வகைகளுக்காகவும் நடக்கும் தோட்டம். 2005 புயல்களில் தங்கள் அமெரிக்கக் கண்டத்துப் பனைகளில் எது எவ்வளவு சேதப்பட்டது என்று அங்கே இருந்தவர்கள் கணக்கெடுத்தார்கள். அதை அந்தந்த இனத்தின் சொந்த ஊரில் எவ்வளவு அடிக்கடி புயல் வீசுகிறது என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். புயல் அதிகம் வீசும் இடங்களைச் சேர்ந்த இனங்கள் நின்றன. புயலே காணாத இடங்களைச் சேர்ந்தவை அதிகம் அடிபட்டன. லட்சக்கணக்கான வருடங்களாகக் காற்றே வடிகட்டி எடுத்த மரங்கள் கரீபியனில் நிற்கின்றன. கடைக்காரர் சொல்லும் எந்த உத்தரவாதத்தைவிடவும் இது மேல்.

இதைத் தெரிந்துகொண்டே கட்டடக்காரர்கள் என்ன நடுகிறார்கள் என்றால், தென் பிரேசில் பக்கத்து குவீன் பாமும், கலிபோர்னியா, மெக்சிகோ பாலைவனப் பக்கத்து வாஷிங்டோனியாவும். பல்கலைக்கழகத்தின் பட்டியலில் காற்றைத் தாங்கும் சக்தி ஆகக் குறைவான பனைகள் இவை இரண்டும். மலிவு, சீக்கிரம் வளரும், வீடு விற்கும் நாளில் வாசல் நிறைந்து தெரியும். நர்சரிக் கணக்கில் அதிகம் ஓடிய சரக்கும் இவைதான். அடுத்த புயலில் அவை விழும், அதே நர்சரிக்கு அடுத்த ஆர்டர் வரும். சும்மா சொல்லவில்லை, அந்த பில்களைப் போட்டவள் நான்.

என் கொல்லையில் தென்மேற்கு மூலையில், காற்றுக்கு நேரே நிற்பது பக்கனீர் பாம். சார்ல்ஸ் சார்ஜென்ட் என்ற தாவரவியலாளர் 1886-இல் எலியட் கீ தீவில் கண்டார்; அவர் பெயரே அதன் அறிவியல் பெயரிலும் இருக்கிறது. ஃப்ளோரிடாவின் காடுகளில் அருகிப்போய், மாநில அரசின் அழியும் இனங்கள் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தீவு இப்போது பிஸ்கேன் தேசியப் பூங்காவுக்குள் அடங்கும். அங்கே போய் ஒரு விதை பொறுக்கினாலும் குற்றம். என்னிடம் இருப்பது தோட்டத்து மரத்தின் வாரிசு. ஆமை வேகம். நட்டபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகனுக்கு இப்போது தலையில் நரை. மரம் இன்னும் அவனைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஆனால் உப்புக்காற்றும் பாறைமண்ணும் அதற்குத் தாய்வீடு. 2017 செப்டம்பரில் இர்மா புயல் வந்துபோன மறுநாள், தெருவெல்லாம் குப்பையாகக் கிடக்க, இது மட்டும் தலை வாரிக்கொண்டு நின்ற மாதிரி நின்றது.

அதற்குப் பக்கத்தில் கியூபாவின் ஓல்டு மேன் பாம். தண்டு முழுக்கப் பன்னாடை நாராகத் தொங்கி, தாடி வைத்த கிழவர்போல் இருக்கும். எதிர்வீட்டுக் கியூபப் பெரியவர் முதன்முதல் அதைப் பார்த்த அன்று தெருவைத் தாண்டி வந்துவிட்டார். வேலிக்கு வெளியே நின்று, “குவானோ பர்புடோ!” என்றார். அவர் ஊரில் அதற்கு அந்தப் பெயர். என்னை மகளே என்றுதான் கூப்பிடுவார். “மகளே, இதை எங்கே பிடித்தாய்? நான் சின்னப் பையனாகப் பார்த்தது.” நர்சரியில் என்றேன். சிரித்தார். கியூபாவிலேயே அது இப்போது அருகிவிட்டது; ஹோம்ஸ்டெட்டில் விலைச்சீட்டோடு கிடைக்கிறது.

இன்னொன்று, மஸ்கரீன் தீவுகளின் ஹரிக்கேன் பாம். பெயரிலேயே புயலைச் சுமக்கும் மரம். காற்றில் நிமிர்ந்து நிற்பதால் வந்த பெயர். தோட்டங்களில் செழிப்பாக இருக்கும் இது, சொந்த ஊரான மொரீஷியஸ் பக்கத்துக் காடுகளில் மிக அரிது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் புயல் தீவு இனங்களாகப் பார்த்து நட்டால் போதுமே, தானம் எதற்கு?’ என்பார்கள். போதாது. காற்றில் சாய்ந்து சாகும் அரிய பனைகளைவிட, காற்று போன பிறகு சாகும் பனைகள் அதிகம் என்பது நான் பார்த்தது. என் வீட்டில் ஒரு பெரிய அவகாடோ மரம் இருந்தது. அதன் நிழலில், வட்ட விசிறி ஓலைகளோடு லிகுவாலா நின்றது. வனுவாட்டு பக்கத்துச் செடி, நிழல் இல்லாமல் ஆகாது. இர்மா அவகாடோவை வேரோடு புரட்டிப் போட்டது. லிகுவாலாமேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அதிசயம் என்று எல்லோரும் வந்து பார்த்தார்கள். செப்டம்பர் வெயில் நேராக விழுந்தது. கரண்ட் இல்லை, நிழல்வலை வாங்கக் கடையும் திறக்கவில்லை. பழைய புடவைகளைக் கட்டிப் பார்த்தேன். வாரக் கடைசிக்குள் ஓலை ஒவ்வொன்றும் வறுபட்ட அப்பளமாகிவிட்டது. காப்பீட்டுக்காரரின் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டமே கிடையாது.

காற்று, வெயில், அப்புறம் குளிர். 2010 ஜனவரியில் தென் ஃப்ளோரிடாவில் பல நாள் விடாமல் குளிர் நீடித்தது. மரத்திலிருந்து இகுவானாக்கள் விறைத்துப்போய்ப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஹோம்ஸ்டெட் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் இங்கே உறைபனியே பிடித்தது. வில்மா புயலுக்கு அசையாத என் பாட்டில் பாம் அந்தக் குளிரில் அழுகிப் போனது. குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. நோய்களைச் சொல்லத் தொடங்கினால் பத்திரிகை கொள்ளாது. மஞ்சள் சாவு நோய் என்று ஒன்று 1970-களில் மியாமிப் பக்கத்து உயரத் தென்னைகளைத் துடைத்தெடுத்தது. தூர் அழுகல் பூசணத்துக்கு இன்றுவரை மருந்தில்லை. ஆக, ஒரு மரத்தை எத்தனை பக்கமிருந்து காப்பது?

ஆனால் அந்தப் பாட்டில் பாம் முழுக்கப் போய்விடவில்லை. குளிருக்கு முன்பே அது காய்த்தது. கோயிலில் பழக்கமான ஓர் அம்மாவுக்கு ஒரு பை நிறையக் கன்று கொடுத்திருந்தேன். அவர் வீடு கடலோரம், உறைபனி எட்டிப் பார்க்காத இடம். அவர் வீட்டு மரங்கள் இலைகூடக் கருகாமல் தப்பின. பின்னாளில் அவரே ஒரு டப்பா விதை கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். கொடுத்தது நானா, அவரா என்று இப்போது சண்டையே வரும். பத்துப் பதினைந்து மைல் தூரம், ஒரு கடற்காற்று, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே புயலோ ஒரே குளிரோ எல்லாக் கொல்லைகளையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. அரிய பனைக்கு நாம் தரக்கூடிய நிஜமான பாதுகாப்பு இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

அந்தப் பாட்டில் பாமின் சொந்தக் கதையே என் பக்கம் சாட்சி சொல்லும். மொரீஷியஸை அடுத்த ரவுண்ட் ஐலண்ட் என்ற சிறு தீவுதான் அதன் ஊர். ஆடுகளும் முயல்களும் முளைத்த கன்றையெல்லாம் மேய்ந்ததில், காட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. கடைசியில் அந்த விலங்குகளைத் தீவிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். அதே மரம் உலகத்தின் வெப்பநாட்டு ஓட்டல் வாசல்களில் எல்லாம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, சென்னையிலும் பார்த்திருப்பீர்கள். யாரோ கொடுத்தார்கள், யாரோ முளைக்கவைத்தார்கள், அது பிழைத்தது. அதன் நெருங்கிய உறவு ஒன்று மொரீஷியஸின் கியூர்ப்பிப் தாவரவியல் தோட்டத்தில் இருக்கிறது. உலகத்திலேயே அந்த இனத்தில் மிஞ்சியது அந்த ஒரே மரம். சுற்றிலும் வேலியும் சாரமும் கட்டிக் காக்கிறார்கள். அதன் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே சமயத்தில் பக்குவப்படுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் கருவிலிருந்து கன்று எடுக்க முயன்றார்கள்; மண்ணுக்கு மாற்றியபோது பிழைக்கவில்லை. மொரீஷியஸும் புயல் நாடு. நூறு வருடத்துக்கு முன்னால் அதன் விதைகள் நாலு வீட்டுக் கொல்லைக்குப் போயிருந்தால் இந்தச் சாரம் தேவைப்பட்டிருக்குமா?

இன்னொரு சாட்சி, ஹைட்டியின் தென்மேற்குத் தீபகற்பத்தில் மட்டும் வளரும் அட்டாலியா கிராசிஸ்பாதா என்ற பனை. தென்னையைப் போன்ற உருவம், அதைவிடப் பருத்த தண்டு. 1990-களில் தேடிப் பார்த்தபோது கிடைத்தவை 30-க்கும் குறைவு. 2016 அக்டோபரில் மேத்யூ புயல் நேராக ஏறியது அதே தீபகற்பத்தில்தான். ஆனால் மேத்யூவுக்கு இருபது வருடங்களுக்கு முன்பே அதன் விதைகள் மியாமிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்துவிட்டன; புயல் வருவதற்குள் முளைத்து, மரமாகியிருந்தன. முதல்முறை அதைப் பார்க்கப் போனபோது நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பார்க்க அப்படியொன்றும் அழகில்லை, உண்மையைச் சொல்ல வேண்டுமே.

என் நண்பர்களில் சிலர் இந்த இடத்தில்தான் என்னோடு முறைப்பார்கள். அரிய பனை சேகரிப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. ஊரிலேயே தன்னிடம் மட்டும் ஒரு மரம் இருக்கிறது என்பதில்தான் அவர்களுக்குச் சுகம். காயைப் பழுக்கவிட்டு உதிர்ந்ததைக் கூட்டிக் குப்பையில் போடுவார்கள், கேட்டால் கொடுக்க மாட்டார்கள். எல்லோரிடமும் இருந்தால் அப்புறம் என்ன அரிது என்று ஒருவர் என்னிடமே கேட்டார். இந்த மனநிலை கொல்லையோடு நின்றுவிட்டால் பரவாயில்லை, காட்டுக்கும் போய்விடுகிறது. ஃபாக்ஸ்டெயில் பாம் தெரியுமா? இன்று கோயம்புத்தூர் நர்சரியிலும் கிடைக்கும், அடுக்குமாடி வளாகத்துக்கு வளாகம் நிற்கும். ஆஸ்திரேலியாவின் கேப் மெல்வில் பகுதிப் பாறைகளுக்கு நடுவே மட்டும் வளர்ந்த இனம். 1983-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். கையில் கிடைப்பது அரிது என்று தெரிந்ததும் திருடர்கள் கிளம்பினார்கள். தேசியப் பூங்காவுக்குள் புகுந்து மூட்டை மூட்டையாக விதை கடத்தினார்கள். சட்டம் போட்டுப் பார்த்தார்கள், வழக்கும் நடந்தது. தோட்டத்து மரங்கள் காய்க்கத் தொடங்கி விதை மலிந்த பிறகு, அந்தக் காட்டுக்குள் ஏறித் திருட யாருக்கும் லாபமில்லாமல் போயிற்று. விலையை இறக்கியவர்கள் விதையைப் பகிர்ந்தவர்கள். 1956-இல் ஃப்ளோரிடாவில் டென்ட் ஸ்மித் தொடங்கிய பனைச் சங்கம் இன்று சர்வதேசச் சங்கமாக வளர்ந்திருக்கிறது. அதன் கூட்டங்களிலும் உள்ளூர்க் கிளைகளின் விற்பனைகளிலும் எனக்குப் பிடித்ததே, கடைசி மேசையில் காகிதப்பையில் பேர் எழுதிச் சும்மா வைத்திருக்கும் விதைகள்தான்.

என் கட்சியிலும் ஓட்டை உண்டு, மறைக்கப் பார்க்கவில்லை. ஒரே மரத்தின் விதைகளை ஊரெல்லாம் கொடுத்தால் நூறு மரம் வரும், ஆனால் நூறும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் ஒரு விசிறிப்பனையை எடுத்துக்கொண்டு, தோட்டத்துச் சேகரிப்பில் காட்டின் மரபணு வகைமை எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று மான்ட்கோமரிக்காரர்கள் அளந்து பார்த்தார்கள். நிறைய மரங்கள் இருந்தால்தான் காட்டின் முழு வகைமைக்குக் கிட்டத்தில் போகலாம் என்று அது காட்டியது. அதோடு, உறவுக்காரப் பனைகளைப் பக்கத்துப் பக்கத்தில் நட்டால் தேனீக்கள் நம்மைக் கேட்டுக்கொண்டா கலப்புச் செய்கின்றன? என் ஓல்டு மேன் பாம் சேர்ந்த காக்கோத்ரினாக்ஸ் பேரினம் இதில் மகா மோசம். தாடியில்லாத கிழவர் கன்றுகள் எனக்கே முளைத்திருக்கின்றன. அவற்றை யாருக்கும் ‘அசல்’ என்று கொடுக்க முடியாது.

அதற்காகக் கொடுக்காமல் இருப்பதா? காட்டைக் காப்பது பூங்காக்காரர்கள் வேலை, அதற்கு மாற்று கிடையாது. கொல்லைக்காரர்கள் செய்யக்கூடியது இரண்டாவது வரிசை. அதை ஒழுங்காகச் செய்தால் போதும். ஒழுங்கு என்று நான் சொல்வது பெரும்பாலும் எழுத்துவேலை. கணக்கெழுதியவளுக்கு வேறென்ன தெரியும். எந்த மரத்தின் விதை, அந்த மரம் எங்கிருந்து வந்தது, பக்கத்தில் அதன் உறவு ஏதாவது பூத்திருந்ததா, யாருக்கு எந்த வருடம் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தொட்டியில் குத்தும் பிளாஸ்டிக் பட்டை முதல் காற்றிலேயே பறந்துவிடும். அலுமினியத் தகட்டில் அழுத்தி எழுதி, கொல்லைக்கு ஒரு வரைபடமும் போட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஒரே இனம் வைத்திருந்தால் விதையை மாற்றிக்கொள்ள வேண்டும்; பக்கனீருக்கு நானும் இன்னொருவரும் அப்படித்தான் செய்கிறோம்.

கொடுப்பதோடு, இருப்பதைக் கவனிக்கவும் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டிகளைச் சுவரோரம் சாய்த்துப் படுக்கப் போட்டுவிடுங்கள், நின்றால்தான் விழும். கடல்நீர் ஏறிய இடத்தில், வடிந்தவுடன் நல்ல தண்ணீரைத் தாராளமாக விட்டு உப்பைக் கழுவ வேண்டும். குருத்து காய்ந்துவிட்டது என்று உடனே ரம்பத்தைத் தேடாதீர்கள், ஆறு மாதமாவது பொறுங்கள். மஞ்சளாகும் கீழ்மட்டையும் அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் இந்த மண்ணில் பொட்டாசியம் போதாமல் மரம் அந்த ஓலையிலிருந்துதான் சத்தை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. முழுக்கக் காயும்வரை விட்டுவையுங்கள். தனியாக நட்ட மரத்தைவிடக் கூட்டமாக நட்டவை காற்றைத் தாங்கும் என்பதும் இங்கே புயலுக்குப் புயல் பார்த்தது.

2018-இல் எங்கள் பேராவூரணிப் பக்கம் கஜா புயல் வந்தபோது நான் இங்கே இருந்தேன். போனில் அண்ணன் பேசவே இல்லை, தோப்பைக் காட்டினார். அப்பா நட்டது, ஒரே ரகம், ஒரே வயது, நேர் நேராக வரிசை. விழுந்ததும் வரிசையாகவே விழுந்திருந்தது. வரப்பில் யாரும் கவனிக்காமல் முளைத்த பனைமரங்கள் பின்னால் அப்படியே நின்றன. தென்னை அரிய மரமில்லை, பணம் இருந்தால் மறுபடி வைக்கலாம், வைத்தும்விட்டார்கள். ஆனால் நம் பக்கத்திலும் அருகிவரும் பனைகள் உண்டு. ஓலைச்சுவடிக்கு ஓலை கொடுத்த தாளிப்பனை, பல பத்து வருடங்கள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே முறை பூத்து, காய்த்ததும் செத்துப்போகும். அப்படி ஒன்று உங்கள் ஊரில் பூத்தால் பத்திரிகையில் படம் வரும், கூட்டம் கூடும். விதை ஆயிரக்கணக்கில் கொட்டும். படம் எடுப்பவர்களில் பத்துப் பேர் ஆளுக்கொரு பை எடுத்துப்போனால் அடுத்த தலைமுறைக்கு அது இருக்கும்.

என் பக்கனீர் பாமில் இந்த வருடக் காய்கள் சிவக்க ஆரம்பித்திருக்கின்றன. விதை முளைக்க மாதக்கணக்கில் ஆகும், அதற்கப்புறம் கன்று ஒரு முழம் வளர்வதற்குள் உங்களுக்குப் பொறுமை தீர்ந்துவிடும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எலியட் கீயில் நிற்கும் மரங்களின் சாதி என்று நோட்டில் இருக்கிறது, நகல் தருவேன். பக்கத்து ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டால் போதாது. வடக்கே கடலோரமாக ஒரு ஆளும், மேற்குக் கரையில் ஒரு ஆளும் எனக்கு வேண்டும். வருகிறவர்கள் தொட்டியைக் கையோடு கொண்டுவாருங்கள். என்னிடம் இருந்த தொட்டியெல்லாம் போன வருடக் கன்றுகளோடு போய்விட்டது.